கரீமின் முன்பல்

ஒன்பது வருடமாகக் கரீமின் நாக்கு சும்மா கிடப்பதில்லை. முன்பல் போன ஓட்டையைத் துழாவிக்கொண்டே இருக்கும். மேட்டுப்பாளையத்தில் பாக்கு லோடுக்காகக் காத்திருந்த ஒரு மத்தியானம், லாரி கேபினில் டிரைவர் கரீமும் ஓனர் கண்ணையாவும் தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்தார்கள். கண்ணையா விட்ட உதையில் பல் தெறித்தது. அதற்கு முந்தின நாள்தான் இருவருக்கும் வாய்த் தகராறு. உதையைக்கூடக் கரீம் மறந்திருப்பான். கண்ணையா எழுந்து உட்கார்ந்து, "நானா? நான் எதுக்கப்பா உன்னை உதைக்கறேன்?" என்றாரே, அதுதான் ஆறவில்லை. அன்றே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினான்.

பிறகு கண்ணையாவுக்குப் பார்க்கின்சன் வந்து கை நடுங்குவதும், நடுக்கத்தை நிறுத்த மண்டையில் துளை போட்டு ஒயரும் நெஞ்சில் பேட்டரியும் வைத்ததும் காதுக்கு வந்தன. போகவில்லை. அவர் சம்சாரம் ரங்கநாயகி கோபித்துக்கொண்டு காரமடைக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. கண்ணையா வீட்டுக்குப் பல்லடம் பஸ் ஏறினான்.

தலையில் தழும்போடு கண்ணையா, டீ டம்ளரை ஒரு சொட்டுச் சிந்தாமல் நீட்டினார்.

"பாத்தியா, கை கல்லாட்டம் நிக்குது. அதுதான் வினை."

"ஏனுங்ணா, நல்லதுதானுங்களே?"

"வியாதிதான் போயிருச்சே, இப்ப தூக்கத்துல உதைக்கறது நீங்க வேணும்னேதானேன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டா. கை நடுக்கம் நின்னாலும் இந்த உதை நிக்காம இருக்கலாம்னு டாக்டர் முன்னயே சொன்னாருப்பா. அவ காதுல ஏறலை."

பேசும்போதே கண் சொருகியது. கரீம் டம்ளரைக் கீழே வைப்பதற்குள், "ஏய், ஓரங்கட்டுடா!" என்று ஒரு கத்து. பிரேக்கை மிதிப்பதுபோல் வந்த கால் டீப்பாயைத் தள்ளியது. கண் மூடியே இருந்தது. கரீம் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

"அண்ணா!"

விழித்தார். "ஏன் எந்திரிச்சு நிக்கறே?"

"உதைச்சீங்க."

"நானா?"

அதே முகம். கேபினில் பார்த்த அதே முகம்.

"இந்த வியாதில நடுக்கத்துக்குப் பல வருசம் முன்னயே தூக்கத்துல உதை வருமாம். டாக்டர் சொன்னப்ப உன்னத்தான் நெனச்சேன்."

"பல்லு போனவன் நெனப்பு இப்பத்தான் வந்துச்சுங்களா?"

கண்ணையா சிரிக்கவில்லை. எட்டிக் கரீமின் சட்டையைப் பிடித்தார். பிடி நடுங்கவில்லை.

"காரமடைக்குப் போப்பா. கை நடுங்கறதுக்கு முன்னயே உன்னைத் தூக்கத்துல உதைச்சவன்னு சொல்லு. வாயைத் தொறந்து அவளுக்கு அந்த ஓட்டையைக் காட்டு."