வெறுங்காலோடு வந்த தேனீ

பெரியவளே, சின்னவனே, இந்த வருசம் நம் களத்து மூலையை மட்டும் அம்மா ஏன் மெழுகவில்லை என்று யாராவது கேட்டால் நீங்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறீர்கள். நடந்ததை அப்பா நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

கொத்தமல்லி பிடுங்குவதற்கு முன்னால் களத்தைச் சாணி போட்டு மெழுகவேண்டும். மூலையில் உளுந்து நுழைகிற அளவுக்குத் துளைகள் கிடந்தன. குளவிப் பொந்து, கொதிதண்ணீர் ஊற்றிவிட்டு மெழுகப்போகிறேன் என்றாள் அம்மா. இல்லை, நம் கொத்தமல்லிப் பூவுக்கு வருகிற தேனீதான் மண்ணுக்குள் குடியிருக்கிறது என்று பெரியவள் மறித்தாள். தேனீ என்று காட்டினால் மூலையை விட்டுவிடுவதாக அம்மா ஒத்துக்கொண்டாள்.

எல்லோரும் குந்திப் பார்த்தோம். பொடித் தேனீக்கள் பின்னங்காலில் மஞ்சள் பூந்தூளை அப்பிக்கொண்டு உள்ளே போயின. அம்மாவுக்குத் திருப்திதான். அந்த நேரம் பார்த்து இன்னொன்று வந்தது. கறுப்புத் தலை, மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்த வயிறு, உடம்பில் ரோமமே தெரியவில்லை. துளை துளையாக மோந்துவிட்டு ஒன்றுக்குள் புகுந்தது. இது குளவியேதான் என்று அம்மா கொதிதண்ணீர்ச் சட்டியைத் தூக்கிவிட்டாள்.

பெரியவள் அவசரமாக என் போனில் படம் பிடித்து அறிவியல் டீச்சருக்கு அனுப்பினாள். குயில் தேனீயாக இருக்கலாம், அடுத்த தேனீயின் கூட்டில் முட்டையிடும், சொந்தமாகப் பூந்தூள் சேர்க்காது, என்ன தூக்கி வருகிறது என்று பாருங்கள் என்று பதில் வந்தது. குயில் என்றால் கூவுமே என்று சின்னவன் ஒரு துளையில் காதை வைத்துப் படுத்துவிட்டான்.

குளவி என்றால் புழுவோ சிலந்தியோ இழுத்து வரும். அடுத்தடுத்து வந்த இந்தச் சிவப்பு வயிற்றுக்காரர்கள் எதையும் கொண்டுவரவில்லை. காலில் மஞ்சள் தூளும் இல்லை.

“அம்மா, இவுக வெறுங்காலோட வாராக,” என்றாள் பெரியவள்.

“செருப்பு போடாமயா?” என்றான் சின்னவன், படுத்தபடியே.

“மொய் வைக்காம பந்தியில உக்காருறவுகடா.”

“அப்ப உங்க சித்தப்பாவுக்குச் சொந்தம்னு சொல்லு,” என்று அம்மா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அப்படியானால் திருட்டுத் தேனீயை மட்டுமாவது விரட்டவேண்டாமா என்று அடுத்து ஆரம்பித்தாள். பெரியவளின் முகம் சுருங்கிப்போனது. அதைக் கவனித்துவிட்டு அம்மாவே சொன்னாள்:

“மயிலு வெள்ளாமைய மேயிற நம்ம காட்டுல இதுவும் பொழச்சுப் போகட்டும்.”

சட்டித் தண்ணீரை விளாவி, காதெல்லாம் மண்ணாக இருந்த சின்னவனைக் குளிப்பாட்டினாள்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பந்தல்குடி பஸ்ஸில் ஏறிய பிறகு, நான் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் வேலிக்கருவை முள் வெட்டினேன். ஆடு மிதித்துவிடாமல் அந்த மூலையைச் சுற்றி அடைத்தேன்.