பதினோரு கெண்டைகள்

சாயப்பட்டறைத் தெருவில் பிறந்த குனிகோவுக்குச் சிறுவயதில் ஆறு என்றாலே நிறம்தான். திங்கட்கிழமை நீலம், செவ்வாய் மாதுளைச் சிவப்பு. அடுத்த வசந்தத்தில் டோக்கியோக்காரிகள் என்ன கிமோனோ உடுத்துவார்கள் என்று அந்த ஊர்ப் பெண்கள் பாலத்தில் நின்றே சொல்லிவிடுவார்கள். பச்சை நாளில் ஆற்றில் விழுந்த வெள்ளை நாய் ஒன்று ஆயுள் முழுக்கப் பச்சையாகவே திரிந்தது. குனிகோ அதைத் தடவிக்கூடக் கொடுத்திருக்கிறாள். அழகுதான். ஆனால் மீனை அவள் கடையில்தான் பார்த்தாள்.

அதனாலோ என்னவோ, பட்டறை ஆலையாக வளர்ந்து, சட்டத்துக்குப் பயந்து சுத்திகரிப்புத் தொட்டி கட்டியபோது, யாரும் விரும்பாத அந்த வேலைக்கு அவளே போய் நின்றாள். ஆற்றுக்குப் போகுமுன் நீர் கடைசியாக ஒரு குளத்தில் தங்கும். அதில் கெண்டை மீன்கள். அவை நீந்தினால் நீர் நல்லது. ஊருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கைதட்டிக் கூப்பிட்டுத் தீனி போட்டாள். அந்தக் காலை வேளைகளை நினைத்தால் இன்றும் அவளுக்கு ஈரத் தவிட்டு வாசனை வருகிறது.

தொண்ணூற்றொன்பதில் பெரிய ஆலைகளெல்லாம் சுற்றுச்சூழல் அறிக்கை அச்சிட்டன. எவ்வளவு நீர் எடுத்தோம், ஆற்றில் என்ன விட்டோம் என்று ஊருக்குச் சொல்ல இந்த ஆலைக்காரர்களுக்கும் ஆசை வந்தது. முதல் பக்கத்தில் குளத்துக் கெண்டைகள் பதினான்கின் படம், கீழே கையெழுத்துக்குப் பதிலாகக் குனிகோவின் பெயர் முத்திரை என்று முடிவாயிற்று. படம் எடுக்க மூன்று நாள் இருக்கையில், அமிலத்தைச் சமன்செய்யும் பம்பு மதியம் ஒரு மணி நேரம் நின்றுபோனது. மூன்று கெண்டைகள் வயிறு தெரிய மிதந்தன.

பிரிவுத் தலைவர் மோரிவாகி, அவளைவிட இருபது வயது இளையவர், குளத்தங்கரையில் நின்று தலையைச் சொறிந்தார். பதிலுக்கு மூன்று மீன் வேண்டுமென்று மீன்காரரிடம் சொல்லியாயிற்றாம், புள்ளிகூட ஏறக்குறைய ஒத்துப்போகுமாம்.

"மீன் சாகுறது சகஜந்தானே, குனிகோக்கா. வயசாயிருச்சுன்னு வச்சுக்குங்களேன்."

"எனக்குந்தான் வயசாச்சு. என்னையும் மாத்திட்டு வேறொருத்தியை நிறுத்துவீங்களா?"

முத்திரை வைக்க மாட்டேன் என்றாள். அவள் வைக்காவிட்டால் வேறு யாராவது வைப்பார்கள் என்றார் அவர், வருத்தத்தோடுதான். அதுதான் அவளை உறுத்தியது. அவள் குளத்துக்கு வேறொருவர் பொய்ச்சாட்சியா?

படம் எடுக்கும் நாளில் முதலாளியும், ஆற்று மீனவர் சங்கத் தலைவர் இஷிகுரோவும் வந்திருந்தார்கள். குளத்தில் பதினான்கும் நீந்தின. எல்லாவற்றையும் ஓரிடத்துக்கு வரவழைக்கச் சொன்னார் படக்காரர். குனிகோ கைதட்டினாள். பதினொன்று வாயைப் பிளந்துகொண்டு அவள் காலடிக்கு வந்தன. மூன்று மட்டும் எதிர்மூலையில் ஒண்டிக்கொண்டன. மறுபடி தட்டினாள். அவை அசையவில்லை.

"அதுங்களுக்குக் காது கேக்காதோ?" என்றார் இஷிகுரோ.

மோரிவாகி முகம் வெளுத்தார். குனிகோ அவர் பக்கம் திரும்பாமல் இஷிகுரோவைக் குனிந்து வணங்கினாள்.

"அதுங்க நேத்து வந்த விருந்தாளிங்க, ஐயா. எங்க மீனு மூணு, பன்னெண்டாம் தேதி செத்துப்போச்சு. பம்பு நின்னு அமிலத் தண்ணி வந்திருச்சு. ஆத்துலயும் கொஞ்சம் போயிருக்கும்."

 பன்னிரண்டாம் தேதி மாலை பாலத்தடியில் மீன்குஞ்சுகள் மிதந்ததைத் தாமே பார்த்ததாகவும், யாரைக் கேட்பதென்று தெரியாமல் இருந்ததாகவும் இஷிகுரோ சொன்னார். பிறகு முதலாளியிடம், "இதை அப்படியே போடுங்க. அப்பத்தான் மத்த பக்கத்தையும் நம்புவோம்" என்றார்.

அறிக்கையில் பதினொன்று என்றே அச்சாயிற்று. மூன்று ஏன் செத்தன என்று நான்கு வரியும் வந்தது. குனிகோ முத்திரையை அழுத்திப் பதிக்கும்போது, அந்தப் புது மூன்றையும் என்ன செய்வது என்று மோரிவாகி மெல்லக் கேட்டார்.

"இருந்துட்டுப் போகட்டும். அடுத்த வருஷமும் உசிரோட இருந்தா எண்ணிக்கையில சேத்துக்கலாம்."