தாளுக்கு மேலே நின்ற பேனா

பிள்ளைகளா, போன மாதம் நம் வெள்ளிமலை வீட்டுக்குப் படிப்புக் கணக்கெடுக்க ஒரு அம்மா வந்தாரே, அவரை மறக்க முடியவில்லை. பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற தாளாம், வாசிக்கச் சொல்லி நம் பெரியவளிடம் நீட்டினார். அவளால் நான்கு வரி வாசிக்க முடியவில்லை.

எந்தப் பதிலையும் அவர் உடனே எழுதமாட்டார். பேனாவைத் தாளுக்கு மேலே நிறுத்தி நம் முகத்தையே பார்ப்பார்.

“பொண்ணு இஸ்கூலுக்கு ஒழுங்கா போவுதுங்களா?”

“ஒருநாள் வுடாம போவுதுங்க மேடம்.”

“அப்ப டீச்சர் சரியா சொல்லித் தரலன்னு ஆயிடுமே. எழுதிக்கட்டுங்களா?”

பேனா நின்றது. நான் தலையாட்டினேன். எழுதிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார்.

அவருக்குத் தெரிந்திருக்குமோ? அன்றிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நேற்று நீங்கள் இல்லாதபோது காலண்டரை இறக்கி, கரும்பு வெட்ட மூங்கில்துறைப்பட்டுக்கு உங்களையும் கூட்டிப்போன நாள்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். தை மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு நாளும் மிஞ்சவில்லை.