தாயம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமை

டில்லி ஆர்.கே.புரத்தில் அந்த பிளாக்கில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடி முருகன் பாட்டுப் பாடுவார்கள். வாரம் ஒரு வீடு என்று முறை சுற்றி வரும். தாயம்மாள் பதினோரு வருஷமாகப் பாடுகிறாள். இருக்கிறவர்களில் அவள் குரல்தான் நல்ல குரல். கார்த்திகைக்குக் கார்த்திகை மலை மந்திர் முருகன் கோயில் படியேறிவிட்டு வராமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். ஆனால் அந்த முறை மட்டும் அவள் வீட்டைத் தாண்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் வீட்டு விளக்குக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பாடவேண்டும் என்று அவளுக்கு ஆசை. வாய்விட்டுக் கேட்டதில்லை.

என்ன ஜாதி என்று அவளை யாரும் கேட்டதில்லை. மதுரைப் பக்கம் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அது போதாதா?

அவள் புருஷன் அய்யாசாமி சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. கீழ்வீட்டு சுந்தரவல்லி மாமியின் புருஷன் சேஷனும் குமாஸ்தாதான்.

எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேஷன் மார்க்கெட்டிலிருந்து வி.சி.ஆரை வாடகைக்கு எடுத்து வந்தார். கூடவே ஒரு தமிழ்ப் படக் கேசட். டில்லித் தியேட்டருக்கு வராத படம். கேசட்டாக வந்ததால்தான் பார்க்கக் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. கோயில் படியேறின ஒரு பெண்ணைப் பிடித்துத் தெருவில் இறக்கிவிடுகிறார்கள். அவள் கொட்டுகிற மழையில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிறாள்.

மாமி வீட்டு ஹாலில் ஒரே விசும்பல். “ஏன்னா, அந்த எடத்த இன்னொருதரம் போடுங்கோளேன்” என்றாள் சுந்தரவல்லி மாமி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. சேஷன் பின்னுக்கு ஓட்டினார். அந்தப் பெண் பின்பக்கமாகவே நடந்து படியேறினாள். மறுபடியும் இறக்கிவிட்டார்கள். அதற்குள் காப்பி போடப் போயிருந்த எதிர்வீட்டு காமாக்ஷி மாமி ஓடிவந்து, “அச்சச்சோ, நான் பாக்கலையே!” என்றாள். மூன்றாம் தடவையும் இறக்கிவிட்டார்கள். மூன்று தடவையும் எல்லோரும் அழுதார்கள். தாயம்மாளுக்கு அழுகை வரவில்லை.

படம் முடிந்தது. “அந்தக் காலத்து மனுஷா என்ன ராட்சசாளா இருந்திருக்கா பாருங்கோ! நல்லவேளை, நாம டில்லியில இருக்கோம்” என்றாள் சுந்தரவல்லி மாமி.

தாயம்மாளுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. “மாமி, வர்ற வெள்ளிக்கிழம பாட்ட எங்க வீட்டுல வச்சுக்கலாம்.”

சுந்தரவல்லி மாமி எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

“உனக்கெதுக்கு சிரமம், தாயம்மா? எட்டுப் பேர் உக்காரணுமே. ஒங்காத்து ஹால் சின்னது.”

ஹால் சின்னதாம்! சர்க்கார் ஒரே அச்சில் வார்த்துக் கட்டின குவார்ட்டர்ஸ் அது. மாமி வீட்டு மச்சுதான் தாயம்மாள் வீட்டுத் தரை. பதினோரு வருஷத்தில் ஒருநாளாவது மேலே ஏறி வந்திருந்தால், மாமி வேறு பொய்யாவது யோசித்திருப்பாள்.

“இதே ஹாலு மேல வந்தா மட்டும் எப்படி மாமி சுருங்கிப் போகும்?” என்றாள் தாயம்மாள். “அவள மூணு தடவ எறக்கிவிட்டாங்கன்னு மூணு தடவ அழுதீங்க. நான் கூப்பிட்டது ஒரே ஒரு தடவ.”

சேஷன் தலையைக் குனிந்துகொண்டு கேசட்டை வெளியே எடுத்தார்.

வெள்ளிக்கிழமை தாயம்மாள் விளக்கேற்றி, ஜமக்காளம் விரித்து, வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள். கீழே இருக்கிற எல்லார் காதிலும் விழட்டும் என்று தனியாகவே பாட ஆரம்பித்தாள். இரண்டாவது பாட்டின்போது காமாக்ஷி மாமி மட்டும் மாடிப்படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். கூடச் சேர்ந்து நன்றாகவே பாடினாள்.

கற்பூரம் காட்டி முடித்து, தாயம்மாள் சுண்டல் கிண்ணத்தை நீட்டினாள்.

“இன்னிக்கு எனக்கு விரதம், தாயம்மா. பொட்டலமா மடிச்சுக் குடு, ஆத்துக்கு எடுத்துண்டு போறேன்.”

பொட்டலம் எந்தக் காக்கைக்குப் போகும் என்று தாயம்மாளுக்குத் தெரியாதா? மனுஷியை ஒதுக்கினால் பொறுத்துக்கொள்ளலாம். முருகனுக்குப் படைத்ததையுமா ஒதுக்குவார்கள்?

“மடிச்சுக் குடுக்கமாட்டேன், மாமி. சாமிக்கு வச்சது. இங்கயே உக்காந்து சாப்பிடுங்க. முடியாதுன்னா இனிமே இந்தப் படி ஏறாதீங்க.”

காமாக்ஷி மாமி வாசலைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். தாயம்மாள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசிக் கடலை உள்ளே போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.