பித்தப்பை எடுத்த கோடை

ஆப்பரேஷன் என்றால் வயிற்றில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. எனக்கு இருந்ததோ நாலு ஓட்டை. அதில் ஒன்று தொப்புளுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. மற்ற மூன்றின் மேலும் தபால் தலை அளவுக்குப் பிளாஸ்திரி. பார்க்க வந்த பெண்கள் கதவைச் சாத்திவிட்டு, "காட்டு பாப்போம்" என்று நைட்டியைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பார்த்ததும் ஒவ்வொருத்தி முகத்திலும் ஏமாற்றம். "இவ்ளோதானா? கொசு கடிச்சா மாதிரி கீது" என்றாள் எதிர்வீட்டுக்காரி. வாங்கிவந்த ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்றுகூடத் தோன்றியது.

அவளுக்கு என்ன தெரியும். ஒரு வருஷமாக, சாப்பிட்டு எழுந்தால் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும். வலி முதுகு வரை போகும். உத்திரமேரூரைச் சுற்றி எங்கள் பக்கத்து ஊர்களில் முழங்காலிலிருந்து மண்டை வரை எது வலித்தாலும் வாயுதான். நானும் பூண்டு சுட்டுத் தின்றேன், பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்தேன், கடைக்காரன் சிரிக்கிற அளவுக்குச் சோடா குடித்தேன். ஒரு காதுகுத்து விருந்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த சாயங்காலம் தரையில் உருண்டேன். அதற்கப்புறம்தான் காஞ்சிபுரத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்தது. பித்தப்பை நிறையக் கல்.

டாக்டரம்மா சின்ன வயசு. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க மாட்டோம், சின்னச் சின்னத் துவாரம் போட்டுக் குழாயை விட்டுப் பையை எடுத்துவிடுவோம், சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் வயல் வேலை தவிர வேறு எதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை. அந்தப் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்தால் வயிற்றைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது. யாரோ எலும்பைப் பிடித்து முறுக்குகிற மாதிரி. மாரடைப்பு என்றே முடிவு கட்டிவிட்டேன். நர்ஸ் பெண் சிரித்தாள். உள்ளே வேலை செய்ய இடம் வேண்டும் என்று வயிற்றில் காற்றை நிரப்புவார்களாம்; மிச்சக் காற்று மேலே ஏறித் தோளைக் குத்துமாம்; எழுந்து நடந்தால் போய்விடுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "இதத்தான் நாங்க ஒரு வருசமா வாயு வாயுன்னு சொல்லிகினு இருந்தோம். யாரு கேட்டா?" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் நாலு ஓட்டையும் சேர்ந்து இழுத்தது. "இன்னொரு வாட்டி சிரிக்க வெச்சீனா கொன்னுடுவேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் போகிற இடத்துக்கெல்லாம் ஒரு தலையணையும் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கனமான எதையும் தூக்கக் கூடாது. எண்ணெய் கூடாது. பாவாடை நாடா சரியாகத் தொப்புளிலேயே போய் உட்காரும் என்பதால் புடவையும் கட்ட முடியாது. தெருவில் நைட்டியோடு நிற்கிறவர்களை வாய்க்கு வந்தபடி பேசியவள் நான். இப்போது அதே கோலத்தில் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார். இடுப்பில் வைக்க அவருக்கு வரவில்லை. ரசம் என்று அவர் வைத்ததில் புளியும் மிளகும் எங்கேயோ தூரத்தில் இருந்தன. ஆனால் ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பெரிய பாடாகத் தெரியவில்லை. நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது என் தம்பிக்காக.

எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். காவாந்தண்டலத்துக்கு அந்தப் பக்கம் உள்ளே போகிற சின்ன ஊர் எங்கள் பிறந்த ஊர். அவன் அங்கேயே பயிர் வைத்துக்கொண்டிருக்கிறான். மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. என் மகள் கல்யாணத்தில் ஆரம்பித்தது. பெண்ணின் நெற்றியில் மாமன் பட்டம் கட்டுவது தாய்மாமன் உரிமை. தங்க நிறத் தகடு, அவ்வளவுதான், ஆனால் அதைக் கட்டத்தான் தாய்மாமன். சரியாக அந்த நேரம் பார்த்து இவன் மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்காகத்தான் சண்டை. முகூர்த்தம் தாண்டுகிறது என்று ஐயர் பரபரக்க, மேடையில் நின்ற என் சித்தி மகன், அவனும் முறைக்கு மாமன்தானே, கட்டிவிட்டான். திரும்பி வந்த தம்பி பெண்ணின் நெற்றியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சாப்பிடாமல்கூட இறங்கிப் போய்விட்டான். நான் மட்டும் லேசுப்பட்டவளா? அதற்கப்புறம் விசேஷங்களில் அவன் கிழக்கே திரும்பினால் நான் மேற்கே திரும்பினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும். உடம்பு முடியவில்லை என்றால் கூப்பிடத் தேவையில்லை, காதில் விழுந்தால் போதும். வருஷக்கணக்கில் பேசாதவர்களும் வந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்து, "இப்ப எப்படி கீது" என்று கேட்டுவிட்டுப் போகலாம். அதோடு பழசு முடிந்தது. யாரும் தோற்றதாக இல்லை, யாரும் ஜெயித்ததாகவும் இல்லை. அதனால் கத்தி வைக்க வேண்டும் என்று சொன்னபோது எனக்குப் பயத்தோடு ஒரு ஆசையும் வந்தது. தம்பி வந்துவிடுவான்.

சேதி அவன் காதில் விழுகிற ஏற்பாட்டையும் செய்தேன். அந்த ஊருக்குப் போய்வருகிற ஷேர் ஆட்டோக்காரரிடம் தேவையில்லாமல் நின்று, ஆப்பரேஷன், மயக்க ஊசி, பெரிய டாக்டர் என்று எல்லாம் சொன்னேன். ஆனால் அந்தக் காலத்து ஆப்பரேஷனாக இருந்தால் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டிருப்பார்கள். கோபக்காரனும் நிதானமாக யோசித்து வந்து சேரலாம். என்னையோ அவன் யோசித்து முடிப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் போனது. வந்தவர்கள் எல்லாரும் வந்து போனார்கள். பாட்டிலில் போட்டுக் கொடுத்த கல்லைக் குலுக்கிப் பார்த்தார்கள், துவரம் பருப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள், என் பங்கு ஹார்லிக்ஸைக் குடித்தார்கள். தம்பி வரவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இது பித்தப்பை எரிச்சல் இல்லை. பிறந்த ஊரில் திரௌபதி அம்மன் கோயில் கொடியேறிப் பாரதம் நடந்துகொண்டிருப்பது தெரியும். கூத்துப் பார்க்க நேரம் இருக்கிறது, அக்காளைப் பார்க்க நேரம் இல்லையா? செத்தால் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவானாக்கும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வெளித்தையல் பிரித்துவிட்டு வந்த மறுநாள் மத்தியானம் தம்பி மனைவி வந்தாள், தனியாக. மூன்று வருஷத்தில் முதல் தடவை. சாத்துக்குடிப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுக் காலடியில் உட்கார்ந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அவரு வர முடியாது அண்ணி" என்றாள்.

"வர முடியாதா, வர மாட்டானா?"

"காப்பு கட்டிகினு கீறாரு. எல்லை தாண்டக் கூடாது இல்ல? நீங்க ஆஸ்பத்திரியில சேந்த அன்னிக்கே போயி கட்டிகினாரு. கோயில்லியே படுத்துக்கிறாரு. உங்களுக்கு நல்லபடியா ஆவணும்னு தீ மிதிக்கிறாராம்."

காப்புக் கட்டியவர்கள் தீமிதி முடிந்து காப்பு அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் என் தம்பி கட்டுவான் என்று நினைக்கவே இல்லை. தீ மிதிக்கிறவர்களைச் சின்ன வயசிலிருந்தே கிண்டல் செய்கிறவன். படுத்தபடியே கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் போனது.

அவள் அதோடு நிறுத்தவில்லை. "எனக்கு பயமா கீது அண்ணி. அவருக்கு சக்கர ஏறிப்போயி காலு ரெண்டும் மரத்துப்போச்சு. போன மாசம் உள்ளங்கால்ல ஆணி ஏறிகிச்சு. அதோடவே கழனிக்குப் போயி வந்துகினு இருந்தாரு. ரத்தத்தப் பாத்து நான்தான் கண்டுபுடிச்சேன். காலுல புண்ணே வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

அவனுக்குச் சக்கரை என்பதே எனக்குத் தெரியாது. பேசாமல் இருந்த வருஷங்களில் அவனுக்கு என்னென்ன ஆகியிருக்கிறது. போனை எடுத்தேன், வைத்தேன். எனக்காக வேண்டிக்கொண்டதை நானே நிறுத்தச் சொன்னால் அது எனக்கே திரும்பும் என்பார்கள். இதை நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் பகல் வெளிச்சத்தில் நம்பவில்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் போனை எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்கப்புறமும் அடித்துப் பார்த்தேன். கோயிலுக்குள் போனை வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லி அனுப்பினான். நிஜமோ பொய்யோ, அவன் பிடிவாதம் எனக்குத் தெரிந்ததுதான். அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் பாகம் பிரிக்காமல் கொடுத்துவிட்டுப் போன சொத்து அது ஒன்றுதான்.

தீமிதி அன்று நான் போவது என்று முடிவு செய்தேன். போகலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, கனம் தூக்காமல், குலுங்காமல் போங்கள் என்றார். குலுங்காமல் போகிற ரோடு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஷேர் ஆட்டோவைத் தனியாக அமர்த்தி, என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு போனேன். ஓட்டைகளுக்கு வலிக்காதபடி முடிச்சைத் தளர்த்தி, பல நாளைக்குப் பிறகு புடவை கட்டியிருந்தேன்.

சாயங்கால வெயில் இறங்கியிருந்தது. குண்டத்தில் கட்டைகள் எரிந்து அடங்கி, நெருப்பைத் தட்டிச் சமன் செய்திருந்தார்கள். பத்தடி தள்ளி நின்றாலே முகம் காய்ந்தது. தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரகம் முதலில் இறங்கியது. பின்னால் மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லாரும் ஓடினார்கள். நெருப்பில் யார்தான் நிற்பார்கள்.

என் தம்பி மட்டும் நடந்தான்.

வரப்பில் நடக்கிற மாதிரி நடந்தான். பாதியில் வேப்பிலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், பக்தியைப் பார் என்றார்கள். எனக்கும் அவன் மனைவிக்கும்தான் தெரியும், சுடுவது அவனுக்குத் தெரியவில்லை என்று. "ஓடுடா" என்றேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. குண்டத்தின் கடைசியில் இருந்த பால் குழியில் கால் வைத்து ஏறி, கூட்டத்தை விட்டு வந்து அடிபம்புத் திட்டில் உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. இளைத்துப் போயிருந்தான்.

நான் போய் அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். தலையணையைப் பார்த்தான். "உன்ன யாரு இந்த உடம்போட வரச் சொன்னது?" என்றான்.

"காலத் தூக்கு" என்றேன்.

தலையணையை மடியில் போட்டு அதன்மேல் அவன் காலை வைத்துக் கழுவினேன். என் வீட்டுக்காரர் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார். வலது கால் பரவாயில்லை. இடது காலில் சுண்டு விரலுக்குக் கீழே கொப்புளம் எழும்பியிருந்தது, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. பக்கத்தில் விரலால் அழுத்தினேன்.

"இங்க?"

"தெரில."

"இங்க?"

"ஒண்ணும் தெரிலக்கா."

நாளைக் காலையில் காப்பை அவிழ்த்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், நானும் கூட வருகிறேன், அதுவரை கால் கீழே படக் கூடாது என்றேன். ஒரே வார்த்தையில் சரி என்றான். அவன் அப்படிச் சொன்னதும், ஊரே பார்க்கிற இடத்தில், அவன் காலைப் பிடித்துக்கொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் ஓட்டைகள் இழுத்தன. இழுத்தாலும் நிறுத்த முடியவில்லை.

"நீ எதுக்குக்கா அழுவுற? எனக்குத்தான் வலிக்கவே இல்லியே" என்றான்.

"அதுக்குத்தான்டா" என்றேன்.