அலமுவின் சாகாத செல்கள்

அலமுவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதப் போவதில்லை.

தென் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அலமு மூன்றாவது மாடியில், டாக்டர் லாஹிரியிடம் டெக்னீஷியன். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையிலிருந்து நீக்கி, மறுநாளே புது உத்தரவு கொடுப்பார்கள். பெண்டாட்டியை வருஷத்துக்கு இரண்டு தரம் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிற மாப்பிள்ளை மாதிரி. அவள் கணவர் வைத்தீஸ்வரன் வேலை பார்த்த பெஹாலா ஃபேக்டரிக்கு 1993இல் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கேட் என்றைக்குத் திறக்கும் என்று அவர் தினமும் பேப்பரில் தேடிக்கொண்டிருந்தார். அலமுவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஸ்டோர்ஸில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே அவள் எனக்குப் பாடம் நடத்துவாள்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் தானா சாகறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு, மஹாதேவன் சார். மேல்தோல்ல, அதான் சவ்வுல, சின்னச் சின்ன ஏற்பிகள் நீட்டிண்டிருக்கும். 'உன் வேளை வந்துடுத்து'ன்னு வெளியிலேர்ந்து ஒரு சேதி வந்து அதுல ஒட்டிக்கும். உடனே செல் சுருங்கி, சத்தம் போடாம செத்துடும். சவ்வுக்கு உள்பக்கம் இருக்கற ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் வந்துடும். 'என்னை எடுத்துண்டு போயிடு'ன்னு பக்கத்து செல்லுக்கு அதுதான் அடையாளம்."

"யமனுக்கு வாசல்ல காலிங் பெல் வச்ச மாதிரியா?"

"ஆமாம். புத்துநோய் செல் மட்டும் பெல்லைக் கழட்டி எறிஞ்சுடறதுன்னு லாஹிரி சார் சொல்றார்."

லாஹிரியின் ஆராய்ச்சி முழுக்க அதுதான். ஒருவகை ஈரல் புற்றுநோய் செல்லின் சவ்வில் அந்த ஏற்பியே இல்லை, அதனால்தான் அது சாக மறுக்கிறது என்று இரண்டு வருஷமாக அலமுவின் கையால் நிரூபித்துக்கொண்டிருந்தார். மாணவி ரஞ்சனா அதை வைத்து டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். 1997 பிப்ரவரியில் தில்லியிலிருந்து கமிட்டி வரவிருந்தது. அவர்கள் தலையாட்டினால் ஆராய்ச்சி ஐந்து வருஷம் நீளும். கூடவே ஒரு நிரந்தர டெக்னீஷியன் வேலையும் வரும். அது யாருக்கு என்று வாசல் காவல்கார தர்வான் வரைக்கும் தெரியும்.

ஜனவரியில் ஒரு நாள் காலையில் அலமு வழக்கம்போல, தட்டில் ஒட்டி வளர்ந்த செல்களை டிரிப்சின் ஊற்றிப் பிரித்தாள். டிரிப்சின் புரதத்தை வெட்டுகிற மருந்து. ஒட்டின செல் அதில் கழன்று வரும். மறுநாள் பந்த் என்று மத்தியானம் சேதி வந்தது. பஸ் நின்றுவிடுமோ என்று பயந்து, பிரித்த செல்களை இன்குபேட்டரில் வைத்துவிட்டு பெஹாலாவில் இருந்த வீட்டுக்கு ஓடினாள். மறுநாள் ஊரே மூடிக் கிடந்தது. அதற்கடுத்த நாள் வந்தவளுக்கு அவற்றைக் கொட்ட மனசு வரவில்லை. சோதித்துப் பார்த்தாள். சவ்வு முழுக்க ஏற்பி இருந்தது. சேதியைக் கொடுத்ததும் செல்கள் வரிசையாகச் செத்தன.

அன்றைக்கு அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"செல்லுல தப்பே இல்ல சார். தப்பு என் கையில. ஏற்பியும் புரதம்தானே, டிரிப்சின் அதையும் சேத்து வெட்டிடறது. ஒரு ராத்திரி விட்டா திரும்ப முளைச்சுடும். புஸ்தகத்துலயும் ராத்திரி முழுக்க விடுன்னுதான் போட்டிருக்கு. நான் ஒரு மணி நேரம்தானே விட்டேன்?"

ஏன் ஒரு மணி நேரம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் பரவாயில்லை, கோடைக்காலம் முழுக்க ராத்திரி லோட்ஷெடிங். கரண்ட் போனால் இன்குபேட்டரின் சூடு இறங்கிவிடும். ஒட்டிக்கொண்டிருக்கிற செல் அந்தக் குளிர்ச்சியைத் தாங்கிவிடும், புதிதாகப் பிரித்தது தாங்காது. ஆரம்பத்தில் மூன்று தடவை மொத்தமும் பாழாய்ப் போனது. ராத்திரிக்கு ஜெனரேட்டர் வேண்டும் என்று அவள் என்னிடம் வந்து நின்றாள். ஏழு மணிக்கு மேல் டீசல் கொடுக்காதே என்று டைரக்டர் வாய்வார்த்தையாக எனக்கு உத்தரவு போட்டிருந்தார். நான் கையை விரித்தேன். பாவம், அவள்தான் கெட்டிக்காரத்தனமாக எல்லாவற்றையும் ஒரே பகலுக்குள் முடிக்க வழி கண்டுபிடித்தாள். லாஹிரி அதைப் பார்த்து "பா, அலமு-தி!" என்று, பேஷ் அலமு அக்கா என்று, வங்காளியில் மெச்சினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இன்னும் மூன்று தடவை செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, "செத்துடாதே, செத்துடாதேடி" என்று முணுமுணுத்தாளாம். இரண்டு வருஷமாக அந்தச் செல்களைக் கொல்ல வழி தேடினவள் அவற்றின் உயிருக்கு வேண்டிக்கொண்டாள். மூன்று தடவையும் அவை செத்தன.

லாஹிரியிடம் சொன்னாள். கமிட்டி போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் அவர்.

"நான் என்ன சார் பண்ணட்டும்?" என்று என்னைக் கேட்டாள்.

"வாயை மூடிண்டிருங்கோ. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன?"

"ரஞ்சனா பொய்யை எழுதிண்டிருக்காளே. அதை நம்பி இன்னொருத்தர் பத்து வருஷத்தைத் தொலைப்பாரே."

"உங்காத்துல உலை கொதிக்கணுமே?"

அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கிற்று. பதினோரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மேல் இல்லை என்று இப்போது தெரிகிறது.

கமிட்டி அன்று ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே இருந்தேன். லாஹிரி படம் போட்டுப் பேசி முடித்தார். கடைசி வரிசையிலிருந்து அலமு எழுந்தாள். திக்கித் திக்கி, இங்கிலீஷில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரஞ்சனா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த டெக்னீஷியன் முறைப்படி வேலை செய்யவில்லை. எனக்கும் இப்போதுதான் தெரிகிறது," என்றார் லாஹிரி. கூசாமல் சொன்னார்.

கமிட்டித் தலைவரான தில்லிக்காரர் அலமுவைப் பார்த்து, ஏன் ஒரு ராத்திரி விடவில்லை என்று நிதானமாகக் கேட்டார்.

"ராத்திரி கரண்ட் இருக்காது. ஏழு மணிக்கு மேல் டீசல் கிடையாது, சார்."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "மஹாதேவன், நம்மிடம் ஜெனரேட்டர் இருக்கிறது அல்லவா?"

அலமு என்னைப் பார்த்தாள். அவளுக்கு நிம்மதி வந்த மாதிரி இருந்தது. சொல்லிவிடுவேன் என்று நம்பினாள்.

"இருக்கு சார்," என்றேன்.

ஏழு மணி உத்தரவு அவர் போட்டது என்பதை விழுங்கிவிட்டேன். டைரக்டர் தலையாட்டினார், தில்லிக்காரர் ஏதோ எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

மாதக் கடைசியில் அவளுக்கு வழக்கமான நீக்கல் உத்தரவு வந்தது. மறுநாள் புது உத்தரவு வரவில்லை. சாவியைக் கொடுக்க ஸ்டோர்ஸுக்கு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"இன்னிக்கு ராத்திரி டீசல் போடச் சொல்லுங்கோ சார். புதுசா செல் பிரிச்சு வச்சிருக்கேன். நாளைக்கு ரஞ்சனா சரியா பாக்கட்டும்."

அன்று ராத்திரி டீசல் கொடுத்தேன். அதற்குப் பிறகு எல்லா ராத்திரியும் கொடுத்தேன், ராத்திரியும் ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்று தில்லிக்காரர் எழுதிவிட்டுப் போயிருந்ததால். ரஞ்சனா எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். டிரிப்சின் எப்படி ஏற்பியை அறுத்து ஆராய்ச்சியாளர்களை ஏமாற்றுகிறது என்பதையே கட்டுரையாக்கினார் லாஹிரி. 1999இல் அது வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள்.

அலமுவின் பெயரைத் தேடினேன். தலைப்புக்குக் கீழே இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்த ஏழு பேரிலும் இல்லை. ஏழாவதாக இருந்தது என் பெயர். இரவில் தடையில்லாமல் மின்சாரம் கொடுத்து உதவியதற்காக.