மோட்டார் போட இரண்டு பேர், நிறுத்த ஒருவர்

எங்கள் கம்பெனியில் எதற்கும் ஒரு சார்ட் உண்டு. கழிவறை வாசலில்கூட ஒன்று தொங்கும். பதினாறு வருடம் அங்கே வேலை பார்த்த கொழுப்பில், வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் நான் ஒன்று ஒட்டினேன். ஒரு பக்கம் என் மனைவியின் ஸ்பீக்கர், மறுபக்கம் என் போன். வேலை நடந்தால் பச்சைப் புள்ளி, நடக்காவிட்டால் சிவப்பு.

ஸ்பீக்கர் அவளுடைய கம்பெனி ஆண்டுவிழாக் குலுக்கலில் விழுந்தது. வாயால் சொன்னால் விளக்கு எரியும், மோட்டார் ஓடும். எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லித்தான் செய்ய வேண்டுமென்றால் அதற்கு நானே போதாதா? போனில் ஒரு விதி எழுதி வைத்துவிட்டால் அதுவாகவே செய்யும் என்பது என் கட்சி.

"உங்க போனைத்தான் கம்பெனி கேட்லயே வாங்கிப் பூட்டிடுறாங்களே, அது எங்கிருந்து வேலை செய்யும்?" என்றாள்.

"பூட்டுன பொட்டிக்குள்ள இருந்தும் செய்யும் பாரு" என்றேன்.

போட்டிக்கு மோட்டாரைத் தேர்ந்தெடுத்தோம். ஜூஜூவாடி பக்கம் எங்கள் தெருவுக்கு ஐந்தாறு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வாசலில் இருக்கும் குழித்தொட்டி நான்கு குடத்தில் நிரம்பிவிடும். வரும்போதே மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றாவிட்டால் எல்லாம் சாக்கடைக்குத்தான். அந்த ஞாயிறு எங்கள் மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து வீட்டில் விருந்து. கல்லாவியிலிருந்து என் மாமியார் வீட்டார் வேன் பிடித்து வருகிறார்கள். வெள்ளிக்கிழமை வரவேண்டிய தண்ணீரை விட்டால் முப்பது பேருக்குக் கை கழுவக்கூட ஒரு சொட்டு இருக்காது.

தண்ணீர் திறந்துவிடுகிறவர் தெருவுக்கே வாட்ஸப்பில் சொல்வார். சில நாள் எழுதுவார், சில நாள் குழாய்ப் படம் மட்டும் அனுப்புவார். ஆகவே, அவரிடமிருந்து எது வந்தாலும் மோட்டார் போடு, அரை மணியில் நிறுத்து என்று விதி எழுதினேன். ஸ்பீக்கரையும் அதே மோட்டாரோடு இணைத்தேன்.

திங்கள் முதல் இருவருக்கும் முதல் ஷிப்ட். விடியும் முன்பே கிளம்பிவிடுவோம். பள்ளி வேன் வரும்வரை மகள் பக்கத்து வீட்டுக் கன்னட அக்காவின் பொறுப்பு. ஷிப்ட் முடிந்ததும் போனைத் திறந்து பார்ப்பேன்: மோட்டார் ஓடியது, விதிப்படி. நான்கு நிமிடத்தில் நின்றது, குரல் கட்டளைப்படி. மகள்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்து ஸ்பீக்கருக்கு ஒரு பச்சை, என் போனுக்கு ஒரு பச்சை வைத்தேன். நான்கு நாளும் இப்படியே. தண்ணீர் வராத நாளில் மோட்டார் ஏன் ஓடியது என்று எழுத சார்ட்டில் கட்டம் போடவில்லை. எனவே அதை யோசிக்கவும் இல்லை.

வெள்ளி மதியம் வந்தால் தெரு முழுக்க ஈரம், மாடித் தொட்டியில் தூசி. போனைப் பார்த்தேன். ஓடியது, விதிப்படி. ஒரு நிமிடத்தில் நின்றது, குரல் கட்டளைப்படி.

அக்கா மதில் மேல் முகத்தை வைத்துச் சிரித்தார். "தினமும் காலைல உங்க மோட்டாரு தண்ணியே இல்லாம கத்துது சார். கேட்டுட்டு சும்மா இருக்க ஆகுமா? ஜன்னல் வழியா அந்த டப்பாகிட்ட நிறுத்துன்னு சொல்வேன். உங்க பாப்பாதான் சொல்லிக் குடுத்தா. இன்னிக்குக் கத்துன உடனே நிறுத்திட்டேன்!"

தண்ணீர்க்காரர் தினமும் காலையில் ரோஜாப்பூ போட்டு வணக்கம் அனுப்புகிற ஆளாம். வணக்கப் படங்களை யார் அனுப்பியது என்று பார்க்காமலே மொத்தமாக அழிக்கிற ஆள் நான். ஆக நான்கு நாளும் ரோஜாவுக்குத்தான் மோட்டார் ஓடியிருக்கிறது, இன்று மட்டும்தான் நிஜத் தண்ணீருக்கு. கரியாகாமல் அதைக் காப்பாற்றியவர் இந்த அக்கா. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்றே தெரியவில்லை.

"அப்ப என் விருந்து?" என்றாள் பள்ளியிலிருந்து வந்த மகள். அவள் உதடு துடித்தது. லாரித் தண்ணீருக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமைதான் என்றார்கள்.

"ஏனாயித்து? என்ன ஆச்சு?" என்றார் அக்கா. இன்று நிறுத்தியதில் தண்ணீர் ஏறாமல் போனதை மனைவி சொன்னாள். அவர் முகம் விழுந்துவிட்டது. உள்ளே போனவர், பச்சை ஹோஸ் ஒன்றை மதில் வழியாக எங்கள் பக்கம் போட்டார். இருட்டுவதற்குள் அவர்கள் தொட்டி பாதியானது, எங்களுடையது பாதி நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்லாவிக்காரர்கள் கை கழுவியது அந்தத் தண்ணீரில்தான். மகள் வெள்ளைக் கவுனில் ரசம் கொட்டிக்கொண்டு ஓடினாள். பாயசக் கிண்ணத்தோடு சமையலறைக்குள் வந்த அக்கா, பச்சைப் புள்ளிகள் நிறைந்த சார்ட்டின் முன்னால் நின்றார்.

"என்ன சார் இது?"

"நம்ம வீட்டு மோட்டார யாரு நல்லாப் பாத்துக்கறாங்கன்னு பாக்கத்தான்க்கா."

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகப் பார்த்தார். "அப்போ என் பேரு எங்கே?" என்றார்.